டீச்சர் வீட்டுப் பால் பம்பு

மருந்துக்கடைக் கல்லாவில் ஒரு பெண் நின்றுவிட்டால் போதும், தலைவலி மாத்திரை வாங்க வருகிறவர்களும் வீட்டுச் சங்கதி முழுவதையும் கொட்டிவிட்டுத்தான் போவார்கள். என்னைப் போல் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்களுக்கு இது புரியும். ஆனால் எண்பதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் எங்கள் கடைக்கு வந்த ஒரு குடும்பம், ஒவ்வொரு தடவையும் என்னைத் திடுக்கிட வைத்தது.

சைக்கிள் ஹாரன்

பக்கத்து ஊர் பாலவனத்தத்திலிருந்து வரும் டீச்சருக்குக் கைக்குழந்தை, பெண். பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் பால் கட்டிக்கொள்வதால், ரப்பர் பந்து வைத்த கண்ணாடி பம்பு ஒன்றை எங்களிடம் வாங்கியிருந்தார். ஒருநாள் அவர் கணவர், சரியாக இழுக்கவில்லை என்று அதைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். பிரித்தால், கிழிந்துபோன ரப்பருக்குப் பதில் சைக்கிள் ஹாரனின் கறுப்புப் பந்து மாட்டியிருக்கிறது. தூக்கிப் பிடித்து, என்ன இது என்றேன். அவர் சமாதானமாகச் சொன்னார்: "ஊதலைக் கழட்டிட்டுத்தாங்க்கா மாட்டுனேன், சத்தமே வராது."

பருத்திக்கொட்டை

குழந்தை சோறு தின்னத் தொடங்கியதும், பால் மறக்கடிக்கலாம் என்றார் டாக்டர். பம்பை ஒரேயடியாக விடாமல், முதலில் மத்தியானம் எடுப்பதை, பிறகு காலையில் எடுப்பதை என்று கொஞ்சங்கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மாமியாருக்குத்தான் பொறுக்கவில்லை. பால் நின்றால்தானே அடுத்து ஒரு ஆண் பிள்ளை!

சித்திரை வெயிலில் டீச்சர் எங்கள் கடை வாசலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். உதடெல்லாம் வெடிப்பு. சோடா கொடுத்து விசாரித்தால், வீட்டில் சோற்றைப் பாதியாக்கி, குடிக்கிற தண்ணீரையும் அளந்துதான் கொடுத்தார்களாம். அழைத்துப்போக வந்த கணவரைப் பிடித்துத் திட்டித் தீர்த்தேன். அவருக்கோ என் கோபம்தான் புரியவில்லை: "மாட்டுக்குப் பால் வத்த வைக்கணும்னா பருத்திக்கொட்டையையும் தண்ணியையும் கொறைக்கிறதுதானக்கா, அம்மா அதத்தான் செஞ்சாக."

சாத்திய கதவு

அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், டீச்சர் தேறிவிட்டார். மறு வருடம் கணவருடன் பவுடர் வாங்க வந்தபோது குழந்தை கடைக்குள் ஓடியாடிக்கொண்டிருந்தது. பேச்சுவாக்கில் பம்பைப் பற்றிக் கேட்டேன். இன்னமும் தினம் அதை எடுத்துக்கொண்டு போய் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாராம். இத்தனை நாளாகியும் நிற்கவில்லையா, மார்பில் கட்டி ஏதும் இருக்குமோ என்று பதறிப்போனேன். டீச்சர் வாசலில் நின்ற கணவரை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பால் எப்பவோ நின்னுருச்சுக்கா. நிக்கலைன்னு வீட்டுல நம்புற வரைக்கும் அடுத்த பிள்ளைன்னு யாரும் எங்கிட்ட வர மாட்டாக."

அதற்குப் பிறகு, மருமகளுக்குப் பால் நிற்க மாத்திரை கேட்டு அந்த மாமியார் வந்தபோதெல்லாம் ஸ்டாக் இல்லை என்று கையை விரித்தேன். சரக்கை உள்ளே வைத்துக்கொண்டு இல்லையென்று சொல்வதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறதென்று வியாபாரத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.