முதலில் தைத்த இருக்கை

என் சின்ன மருமகன் கோட்டு தைப்பதில் கெட்டிக்காரர். தோளில் ஒரு சுருக்கம் விழாது. போட்டுப் பார்க்கிறவர் கண்ணாடி முன்னால் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார். அந்த நிமிர்வையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்தது போல இருக்கும். ஆனால் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் தொட்ட வேலை எதுவும் முடியாது. மாடியில் ஓர் அறை கட்டத் தொடங்கினார். சுவர்கள் எழும்பின, கூரை வரவில்லை. இன்றைக்கும் அதில் துணி காயப்போடுகிறோம். மீன் தொட்டி ஒன்று வாங்கினார். அதில் இப்போது வெங்காயம் இருக்கிறது. அவருடைய சகலை, அதாவது என் பெரிய மருமகன், வாய் கொஞ்சம் நீளமானவர். ‘அரைக்கை’ என்று பேர் வைத்தது அவர்தான். முழுக்கைச் சட்டை தைக்க உட்கார்ந்தாலும் இவர் பாதியில் எழுந்துவிடுவாராம். எனக்கு அந்தப் பேர் பிடிக்காது. ஆனால் பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அப்படிப்பட்டவர் ஒருநாள் ஒரு காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

அதைக் கார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரிடம் துணி தைக்கக் கொடுக்கிற ஓர் அம்மாள் வீட்டுப் பின்பக்கம் மரத்தடியில் வருஷக்கணக்காகக் கிடந்தது. ஓட்டிய கணவர் போய்ச் சேர்ந்த பிறகு கோழிகள்தான் அதில் ஏறி முட்டையிட்டுக்கொண்டிருந்தன. இடம் காலியானால் போதும், எடுத்துக்கொண்டு போங்கள் என்றாராம் அந்த அம்மாள். உருண்டை விளக்கு, தொப்பை வைத்த கதவு, கால் வைத்து ஏறப் பக்கவாட்டில் ஒரு படி. ஒரு காலத்தில் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். எங்கள் கொட்டகையில் கொண்டு வந்து நிறுத்தியபோது அதன் வயிற்றிலிருந்து காய்ந்த இலை கூடைக் கணக்கில் கொட்டியது. நான்தான் பெருக்கினேன்.

என் மருமகனுக்குக் கார் ஓட்டத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனால் காரணம் இல்லாமல் அவர் அதைக் கொண்டு வரவில்லை. என் மகள் மருத்துவமனை மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க நின்றபடி மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். பேருந்திலும் நின்றுகொண்டுதான் வருவாள். காலில் நரம்பு சுருண்டு நீலம் பாரித்துக் கிடக்கிறது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல், சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்துவிடுவாள்.

“உன்ன உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போயி, உக்கார வெச்சுக் கூட்டிட்டு வரணும். அதுக்குத்தான்” என்றார் அவர்.

அவள் காரைப் பார்க்கவில்லை. மாடியைக் காட்டினாள்.

“அங்க பாருங்க. வானம் தெரியுது. எப்பக் கேட்டாலும் அடுத்த மாசம் முடிஞ்சிரும்பீங்க. இதையும் அப்படிப் பாதியில விட்டீங்கன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிருவேன். கோவத்துல சொல்லல. யோசிச்சுத்தான் சொல்றேன்.”

அவள் கத்தினால் எனக்குப் பயமில்லை. மெதுவாகப் பேசினால்தான் பயம்.

மற்றவர்களாக இருந்தால் இன்ஜினைத் திறந்து பார்த்திருப்பார்கள். இவர் முதலில் உள்ளே ஏறி, அவள் உட்காரப் போகிற இடத்தை இஞ்ச் டேப்பால் அளந்தார். கோழி கிளறிய பஞ்சையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புது ஸ்பாஞ்ச் வைத்தார். கருஞ்சிவப்பில் உறை வெட்டினார். அவள் காலை நீட்டி வைக்கக் கீழே சரிவாக ஒரு திண்டு. இருக்கையும் திண்டும் கொஞ்சமும் நகரக் கூடாது என்று, உறையை அடிவரைக்கும் இறக்கித் தரை விரிப்போடு சேர்த்துக் கோணி ஊசியால் இறுக்கித் தைத்தார். ஓரமெல்லாம் பசை. அதே கையோடு மற்ற இருக்கைகளுக்கும் அப்படியே உறை தைத்தார். சொல்லக் கூடாது, அவ்வளவு அழகு. கொட்டகைக்குள் போகும்போதெல்லாம் நானே கையால் ஒருமுறை தடவிவிட்டு வருவேன். மகள்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்த்தாள். கதவைப் பிடித்தபடி நின்றாள், ஏறவில்லை.

“ஓடட்டும், ஏறிக்கறேன்” என்றாள்.

கடையில் அவர் வேலை செய்கிற முறை எனக்குத் தெரியும். எந்தக் கோட்டையும் எடுத்தவுடன் மெஷினில் ஏற்ற மாட்டார். லேசாக நூலோட்டி வைத்து, ஆளை வரவழைத்துப் போட்டுப் பார்த்த பிறகுதான் அழுத்தித் தைப்பார். காருக்கு மட்டும் அந்தப் புத்தி வரவில்லை. ஆசை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

வெல்டர் பிறகுதான் வந்தார். வண்டிக்கடியில் முதுகு தரையில் பட ஊர்ந்து போனார். ஸ்க்ரூடிரைவரால் குத்தும் சத்தம் கேட்டது. குத்துகிற இடமெல்லாம் நனைந்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. வெளியே வந்து முகத்திலிருந்த துருவைத் துடைத்துக்கொண்டார்.

“மாஸ்டர், மேல ராஜா வீட்டுச் சோபா. கீழ தரையே இல்ல. தங்கச்சி ஏறி உக்காந்தா ரோட்டுலதான் உக்காரும்.”

“என்ன செய்யணும்?”

“சீட்டக் கழட்டுங்க. பழைய தகட வெட்டிட்டுப் புதுசு வெக்கிறேன்.”

போல்ட்டுகள் உறைக்குள்ளே போய்விட்டன. கழற்ற வேண்டுமென்றால் அத்தனை தையலையும் பிரிக்க வேண்டும். மருமகன் இருக்கையைப் பார்த்தார். பெற்ற பிள்ளையின் தலையை மொட்டையடிக்கச் சொன்னது போல முகம் போயிற்று.

“கீழ இருந்தே ஒட்டுப் போட முடியாதா?”

“முடியும். ஆனா நெருப்புக்கு ஆள் தெரியாது மாஸ்டர்.”

“ஈரச் சாக்கு போட்டு மூடிடலாம்.”

வெல்டர் என்னைப் பார்த்தார், நீங்களாவது சொல்லுங்களேன் என்பது போல. நான் என்ன சொல்வேன்? எனக்கும் அந்தக் கருஞ்சிவப்பு மேல் ஆசைதான்.

சாக்கை நனைத்துப் போட்டார்கள். வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. சாப்பிடக் கை கழுவும்போது, “பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல” என்று மருமகன் சிரித்தார். கையைத் துடைப்பதற்குள் சமையலறைச் சன்னலில் ஒரு நாற்றம். முடி பொசுங்குகிற நாற்றம். எங்கேயோ ஒரு பொறி ஓட்டை வழியாக மேலே ஏறி, ஸ்பாஞ்சுக்குள் உட்கார்ந்து மெல்ல மெல்லத் தின்றிருக்கிறது. நாங்கள் ஓடிப் போய்ச் சாக்கை இழுத்தவுடன் குப்பென்று பிடித்துக்கொண்டது. வெல்டர் மண்ணை வாரி வாரி இறைத்தார். நான் துணி ஊறவைத்திருந்த வாளியைத் தூக்கி, துணியோடேயே கவிழ்த்தேன். மருமகன் கழுத்தில் தொங்கிய டேப்போடு உள்ளே பாய்ந்து, உறையை வெறுங்கையால் பிய்த்தார்.

அவள் இருக்கை போயிற்று. திண்டு போயிற்று. ஓட்டுகிறவர் இருக்கையும் பின்னிருக்கையும் புகையோடு தப்பின. அவருடைய வலது கை, கத்தரி பிடிக்கிற விரல்கள் எல்லாம் வெந்துபோயின.

சாயங்காலம் மகள் வந்து பார்த்தாள். மருந்து தடவினாள், கட்டுப் போட்டாள், மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று மருந்துக் கடையில் சொல்வது போலவே சொன்னாள். மறுநாள் பையை எடுத்து வைத்தாள்.

“நான் சொன்னதச் செய்யறேன். அம்மா, நீயும் கெளம்பு.”

“நான் வரல.”

“இங்க இருந்து என்ன செய்வ?”

“ஒனக்கு அக்கா இருக்கா, பாத்துக்குவா. இவருக்குக் கை வெந்து கெடக்கு. சட்டைப் பொத்தான் யாரு போட்டு விடுறது?”

“பெத்தவ நீ எனக்கா, அவருக்கா?”

“ஒன்னப் பெத்தேன். இவரக் கொண்டுவந்து ஒங்கையில குடுத்ததும் நான்தான்.”

அவள் போய்விட்டாள். மருமகன் வாசலில் நின்றார். அடுத்த மாசம் என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை.

தையல் கடை மூடிக் கிடந்தது. அவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கொட்டகைப் படியில் உட்கார்ந்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், பாதியில் எழுந்துவிடுவார். அதற்கு நான் விடவில்லை. தட்டைக் காலி பண்ணாமல் எழுந்தால் நானும் சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்வேன். சகலை பழைய இரும்பு எடுக்கிறவரை அனுப்பிவைத்தார். அந்த ஆள் காரைச் சுற்றிச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தார். மருமகன் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்.

“காரு எம்பொண்ணுக்கு. அவ வேலைக்குப் போயிருக்கா. அவ வந்து சொல்லட்டும். நீங்க கெளம்புங்கய்யா.”

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் காப்பியோடு போனேன். படியில் ஆள் இல்லை. காருக்குள் குந்தியிருந்தார். இடது கையில் நூல் பிரிக்கிற சின்னக் கத்தி. தப்பிய பின்னிருக்கையின் தையலை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். இடது கைக்குப் பழக்கமில்லை. ஒரு கண்ணி அறுப்பதற்குள் கத்தி இரண்டு தரம் வழுக்கியது.

“அது நல்லாத்தானே மாப்பிள்ளை இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு அத்தை. அதுக்குக் கீழயும் தரை இல்ல.”

“வெல்டரக் கூப்பிட்டா வெட்டி எடுத்துட்டுப் போறாரு. வெந்த கைய வெச்சுக்கிட்டு நீங்க ஏன்?”

“நான் தச்சது. நான்தான் பிரிக்கணும்.”

அவர் கட்டி முடிக்காததை நிறையப் பார்த்திருக்கிறேன். முடித்ததைத் தன் கையாலேயே பிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. காப்பியைப் படியில் வைத்துவிட்டுப் பிரித்த நூலைப் பொறுக்க உட்கார்ந்தேன்.

உறையெல்லாம் கழன்று வந்த பிறகு வெல்டர் போல்ட்டுகளை அறுத்து எடுத்தார். பிறகு முன்னும் பின்னும் தகட்டை வெட்டி இழுத்தார். உள்ளே பார்த்தால் கொட்டகையின் மண் தெரிந்தது. கோழி இருந்த காலத்திலேயே கார் இதைவிட நன்றாக இருந்தது என்று சொல்லலாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் மகள் வந்தாள், என்னைக் கூட்டிப்போக. அன்றைக்கு எடுத்துப் போன பை கையில் இருந்தது. நேராகக் கொட்டகைக்கு வந்து, கதவைப் பிடித்தபடி உள்ளே குனிந்து பார்த்தாள். இருக்கை இல்லை, தரை இல்லை. அந்த ஓட்டைக்குள் மண்ணில் நின்றுகொண்டு அவர் இடது கையால் விளிம்புத் துருவை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இருந்ததும் போச்சா?” என்றாள்.

“நாந்தான் எடுத்தேன்.”

“எப்ப முடியும்?”

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். அந்தப் பழைய பதிலைச் சொல்லிவிடாதே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

“தெரியல” என்றார். “தரை முடியணும். அப்புறம் இன்ஜின். எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது, கேட்டுத்தான் செய்யணும். உன் சீட்டு கடைசியாத்தான்.”

அவள் மூலையில் மடித்து வைத்திருந்த பின்னிருக்கை உறைகளைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து மோந்தாள்.

“பொகை நாத்தம். இத இப்படியே மடிச்சு வெச்சா என்னைக்கும் போகாது” என்றாள். “சோடாமாவு இருக்காம்மா?”

“அடுப்புக்கு மேல டப்பால இருக்கு.”

உறைகளை மார்போடு அணைத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனாள். நின்றுகொண்டு துவைத்தால் கால் வலிக்கும் என்று முக்காலியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நான் போனேன். அவள் கொண்டுவந்த பை கொட்டகை வாசலிலேயே இருந்தது. உள்ளே எடுத்து வைக்கட்டுமா என்று நான் கேட்கவில்லை. கொட்டகையில் உப்புத்தாள் மறுபடியும் உரசத் தொடங்கியது.