மிஸ்ஸியின் மோட்டார் சைக்கிள்

குழாயை வெட்டியதும் உள்ளேயிருந்து கடல் மண் கொட்டியது. ஒரு சிறங்கை அளவு இருக்கும். கறுத்த ஈர மண், நடுவே நகத்தளவில் ஒரு சிப்பி. சுனாமி அலை வந்துபோய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த மோட்டார் சைக்கிள் அவ்வளவு காலமும் வெயிலில்தான் கிடந்தது. என்றாலும் அதன் குழாய்க்குள் கடல் காயாமல் இருந்தது. பக்கத்தில் நின்ற மிஸ்ஸி குனிந்து அந்தச் சிப்பியை எடுத்து, புடவைத் தலைப்பில் துடைத்து, கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. செட்டிபாளையத்தில் அந்த வருடம் ஒருவரும் ஒருவரிடமும் அப்படியான கேள்விகளைக் கேட்கவில்லை.

மிஸ்ஸி என்று ஊரே கூப்பிட்டது எங்கள் பகுதியின் மருத்துவமாதுவை. அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். கலியாணம் கட்டவில்லை. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஏழெட்டுக் கிராமங்கள் அவருடைய பொறுப்பு. வாவியைக் கடக்க மனிதரையும் வண்டியையும் ஏற்றிச் செல்லும் படகு ஒன்று ஓடியது. அக்கரையில் இறங்கினால் வயல் வட்டைக்குள்ளால் போகும் மண் வரம்புகள்தான் வழி. மாரியில் முழங்கால் சேறு, கோடையில் உருளும் மணல். கர்ப்பிணிகளைப் பார்க்கவும், பிள்ளை பெற்றவர்களைப் பார்க்கவும் ஒருநாளுக்கு முப்பது கிலோமீற்றர் என்றாலும் அந்த வழியில் அலைவார். அவருடைய ஸ்கூட்டரைக் கடல் கொண்டுபோய்விட்டது. வேறு ஒன்று கிடைக்கும் வரை நடந்தார். அப்படி நடந்த ஒரு நாளில் அவர் போய்ச் சேருவதற்கு முன்பே ஒரு பெண் இரத்தம் போய் இறந்துவிட்டாள். அடுத்த கிழமையே, நில அளவை ஆள் ஒருவர் ஓட்டிய, அலையில் மூழ்கிய உயரமான மோட்டார் சைக்கிள் ஒன்றை ஒரு பழைய இரும்புக்காரன் மிஸ்ஸியின் தலையில் கட்டிவிட்டான். சேற்றிலும் மேட்டிலும் ஓடவென்றே செய்த சாதி அது. பதிவுப் புத்தகம் சரியாக இருந்தது. எஞ்சின் மட்டும் உப்புப் பிடித்துக் கல்லாகியிருந்தது.

“இதுக்கு வேற எஞ்சின் ஒண்டு பூட்ட ஏலுமா தம்பி?” என்று கேட்டார்.

ஏலாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் வீட்டுக் கேட்டும் ஜன்னல் கிறிலும் செய்கிற வெல்டிங்காரன். அலைக்குப் பிறகு எல்லோரும் வீடு கட்டிக்கொண்டிருந்த காலம், எனக்குத் தலைக்கு மேல் வேலை. ஆனால் ‘ஏலாது’ என்ற சொல் அந்த வயதில் என் வாயில் வராது. “ஏலும் மிஸ்ஸி, செசிய வெட்டி ஒட்ட வேணும்” என்றேன், ஏதோ தினமும் இரண்டு வண்டிச் சட்டம் வெட்டுகிறவன் மாதிரி.

விபத்தில் மடங்கிப்போன ஒரு சாதாரண நூறு சீசீ வண்டியின் எஞ்சின் கிடைத்தது. அது பழைய எஞ்சின் இருந்த இடத்தில் உட்கார மாட்டேன் என்றது. எஞ்சினைத் தாங்கும் காதுகளை அறுத்து வேறிடத்தில் ஒட்டினால், சங்கிலி பின் சில்லுக்கு நேரே வராமல் இரண்டு விரல் விலகி நின்றது. மறுபடியும் அறுத்தேன். குழாய் மெல்லியது, கரண்டைக் கொஞ்சம் கூட்டினாலும் ஓட்டை விழும். பத்து நாள் பின்னேரங்களில் அந்த வேலையோடு மல்லுக்கட்டினேன். வேலை முடிந்து வரும் வழியில் மிஸ்ஸி வருவார். சும்மா பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. ஒருநாள், “இஞ்ச தா, நானும் ஒருக்காப் பிடிச்சிப் பாக்கிறன்” என்று என் கையிலிருந்த வெல்டிங் பிடியை வாங்கிவிட்டார். கால் வைக்கும் கம்பியைத் தாங்கும் துண்டை அவரே ஒட்டினார். கோழி எச்சம் போட்ட மாதிரி மேடும் பள்ளமுமாக ஒட்டியது. நான் அதைத் தேய்த்துச் சரிசெய்யக் கிரைண்டரை எடுத்தபோது கையைத் தட்டிவிட்டார். “அத விடு தம்பி. அது என்ட வேல, அப்பிடியே கிடக்கட்டும்.”

மற்ற எல்லாவற்றையும் நான் தேய்த்தேன். கேட் செய்கிறவனின் புத்தி அது. ஒட்டிய இடத்தில் விரலை வைத்துத் தடவினால் ஒட்டே தெரியக் கூடாது, தெரிந்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். மோட்டார் சைக்கிள் செசியில் அப்படிச் செய்யக் கூடாது, மேடு இருந்தால்தான் பலம் என்று எனக்குப் பிறகுதான் ஒரு மெக்கானிக் சொன்னான். ஹாண்டில் நிற்கும் கழுத்துக்குக் கீழே குழாய் துருவால் அரித்துப் போயிருந்தது. அதை வெட்டி எடுத்துப் புதுக் குழாய் வைத்து, கழுத்தின் இரு பக்கமும் தகடு வைத்து ஒட்டி, பளபளவென்று தேய்த்தேன். தேய்த்துக்கொண்டு போகும்போது துருவுக்கும் பழைய மைப்பூச்சுக்கும் கீழே ஏதோ எழுத்துப்போல் மின்னியது. கிரைண்டரை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். இரண்டு இலக்கங்களும் மூன்றாவதின் பாதியும் மிஞ்சியிருந்தன. பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்பார்க்க வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் செசி நம்பர்.

அந்த இடத்திலேயே நான் மிஸ்ஸியிடம் சொல்லியிருக்கலாம். அவர் ஆறடி தள்ளி நின்று என் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார். வாகனம் பதியும் அரசாங்கக் கந்தோருக்கு எடுத்துக்கொண்டு போய் ஒரு கடிதம் எடுத்திருக்கலாம். எஞ்சின் மாற்றியதற்கு அவர் அப்படித்தான் ஒழுங்காகக் கடிதம் எடுத்து வைத்திருந்தார். ஆனால் வேலையைப் பிழையாகச் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது சண்டை நின்றிருந்த சமாதான காலம் வேறு. வண்டிகளை மறித்துப் பார்க்கும் இராணுவச் சென்றியில் நிற்பவர்கள் மிஸ்ஸியைக் கண்டால் கை காட்டி விடுவார்கள், கழுத்தைச் சுரண்டி யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். மீதி இலக்கங்களையும் தேய்த்து, பூச்சு வைத்து, கறுப்பு மை அடித்தேன். மிஸ்ஸி வந்து தடவிப் பார்த்து, “ஒட்டின இடமே தெரியல்லயே” என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் என் முகத்திலேயே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

ஒரு வருடத்துக்கும் மேல் அந்த மோட்டார் சைக்கிள் ஓடியது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவ்வளவு உயரத்தில் மிஸ்ஸி வரம்பில் போவதைப் பார்க்க, நாற்று நடும் பெண்கள் வேலையை விட்டுவிட்டு நிமிருவார்கள். ஒரு பிரசவத்துக்கும் அவர் பிந்தவில்லை. பிறகு சண்டை மறுபடி தொடங்கியது. வாகரைப் பக்கமிருந்து சனங்கள் சட்டி பானையோடு வந்து குவிந்தார்கள். மோட்டார் சைக்கிள்களில் குண்டு வைத்த கதைகள் வந்தன. சென்றிகளில் ஒவ்வொரு வண்டியையும் குப்புறப் போடாத குறையாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

படகு ஓட்டுகிறவர் ஒரு பின்னேரம் பட்டறைக்கு ஓடி வந்தார். “மிஸ்ஸிய ஆமிக்காரங்க புடிச்சி வெச்சிருக்காங்க. செசி நம்பர் தேச்சுக் கிடக்காம். ஒட்டினவன் நீதானே மச்சான், போய் ஒரு சொல்லுச் சொல்லு. விட்டிருவாங்க.”

நம்பரைத் தேய்த்த வண்டி என்றால் அந்த நாட்களில் ஒரே அர்த்தம்தான். அதை ஓட்டியவர் எங்கே போய் முடிவார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். நான் போய், “இது என் கைப்பிழை, தெரியாமல் தேய்த்துவிட்டேன்” என்று சொன்னால் அவருக்கு விடுதலை. எனக்கு? என் தம்பி ஒருவன் இயக்கத்துக்குப் போய்த் திரும்பாதவன். எங்கள் வீட்டுப் பெயர் ஏற்கெனவே எங்கேயோ ஒரு கடதாசியில் இருந்தது. அதற்கு மேல் நம்பர் தேய்க்கத் தெரிந்த வெல்டிங்காரன் என்றால் கேட்கவா வேண்டும். மனைவி அப்போது ஏழு மாதம். அவளுடைய கர்ப்பிணிக் கார்டில் ஒவ்வொரு பக்கத்திலும் மிஸ்ஸியின் கையெழுத்து. காலையில் எழும்பிப் பார்த்தேன், வெள்ளைச் சேட்டும் அடையாள அட்டையும் கதிரையில் இருந்தன. சேட்டை அவள் தேய்த்து மடித்திருந்தாள்.

நான் போனேன். இதை மட்டும் நான் பொய் சொல்லவில்லை. படையினர் முகாமாக்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. கடையடியில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு பார்த்தேன். வேப்பமரத்தின் கீழே யார்யாரையோ தேடி வந்தவர்கள் குந்திக்கொண்டிருந்தார்கள். மதிலோரம் மிஸ்ஸியின் மோட்டார் சைக்கிள் சாய்ந்து நின்றது. கழுத்தில் நான் அடித்த கறுப்பு மையை யாரோ கத்தியால் சுரண்டியிருந்தார்கள், இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. கேட்டில் நின்றவன் என்னைப் பார்த்து, “என்ன?” என்றான். “ஒண்டுமில்ல சேர், படகுக்குப் போறன்” என்றேன். அந்த வசனம் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றும் தெரியவில்லை. சைக்கிளைத் திருப்பினேன். படகுத் துறைக்கும் போகவில்லை, நேரே வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசலில் நின்றாள். “உள்ள விடல்ல” என்றேன். அவள் சேட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் மிஸ்ஸி வந்துவிட்டார். பெரிய டொக்டர் நேரில் போய்ப் பேசியிருக்கிறார். ஆனால் ஊர் பேசியது டொக்டரைப் பற்றி அல்ல. “நான்தான் ஒட்டினன்” என்று மிஸ்ஸி சொன்னாராம். அவர்கள் சிரித்தார்களாம். முகாமில் வாகனம் திருத்துகிற ஒருவனைக் கூப்பிட்டு, இரண்டு இரும்புத் துண்டைக் கொடுத்து, ஒட்டிக் காட்டு என்றார்களாம். கண்ணைக் காக்கும் கறுப்புக் கண்ணாடி கொடுக்கவில்லை. இரண்டு முறை வெல்டிங் குச்சி இரும்போடு ஒட்டிக்கொண்டது, மூன்றாம் முறை ஒட்டினாராம். வாகனக்காரன் அதைக் கொண்டுபோய்க் கால் வைக்கும் கம்பியடியில் கிடந்த கோழி எச்ச ஒட்டோடு வைத்துப் பார்த்துத் தலையாட்டினானாம். நம்பரை ஏன் தேய்த்தாய் என்றதற்கு, “பொம்புளைக்கு இதெல்லாம் என்ன தெரியும் சேர், துரு எண்டு தேச்சிட்டன்” என்றாராம். ஊர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். மிஸ்ஸியின் கண்கள் இரண்டும் வீங்கி, ஒரு கிழமை இருட்டறைக்குள் இருந்தார். மோட்டார் சைக்கிள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு மிதி சைக்கிளில்தான் படுவான்கரைக்குப் போனார். இரண்டு மாதம் கழித்து என் மகள் பிறந்தபோது, குளிப்பாட்டித் துணியில் சுற்றி என் கையில் தந்தது அவர்தான். என் முகத்தைப் பார்த்து, “அப்பாட மூக்கு” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லமாட்டார் என்று நான் நம்பிக்கொண்டேன். என்னைக் காட்டிக்கொடுக்காத மனுஷி என்று மனதுக்குள் அவரை ஓர் உயரத்தில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டு, கிட்டப் போகாமல் இருந்தேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

சண்டை முடிந்தது. முடிந்த அன்று ரவுன் கடைத்தெருவில் வெடி கொளுத்தினார்கள், நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். தம்பியின் பெயர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. சென்றிகள் ஒவ்வொன்றாகப் போயின. வாவிக்குக் குறுக்கே பாலம் வந்தது. இப்போது படுவான்கரைக்குப் போக ஐந்து நிமிடம். செசி நம்பரை யாரும் பார்ப்பதில்லை.

போன மாசி மாதம், ஓய்வுபெற்றுத் தனியாக இருக்கும் மிஸ்ஸி ஜன்னல் கிறில் ஒன்றுக்காக ஆளனுப்பினார். வேறு ஆளை அனுப்பியிருப்பேன், மகள்தான் “நீங்களே போங்கப்பா” என்று துரத்தினாள். மிஸ்ஸியின் கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. வயதுக்கு வருவதுதான் என்று டொக்டர் சொன்னாராம். நான் வெளியே நின்று கிறிலைப் பொருத்த, அவர் உள்ளே நின்று கீழ்க்கம்பியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சாண் தூரம்தான். அவர் ஒன்றும் கேட்காமலே என் வாய் அந்தப் பழைய பொய்யை எடுத்துவிட்டது.

“அண்டைக்கு நான் வந்தனான் மிஸ்ஸி. உள்ள விடல்ல.”

“வந்தாய்,” என்றார். “அந்தப் பள்ளிக்கூட ஜன்னலால பாத்துக்கிட்டுத்தான் இருந்தன். வெள்ளச் சேட்டோட கடையடியில நிண்டாய். ஒட்டினவர் காலையில தானா வருவார், அவரிட்டயே கேளுங்க எண்டு முதல் நாள் அவங்களிட்டச் சொல்லிவெச்சிருந்தன். பேர் சொல்லல்ல. நீ வருவாய் எண்டு எனக்குத் தெரியும். மறுகா, சைக்கிளத் திருப்பிக்கிட்டுக் கிறுகிப் போனாய். அதுக்குப் பிறகுதான் நான்தான் ஒட்டினன் எண்டு சொன்னன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. யாருக்கோ பிள்ளை பிறந்த நேரத்தைச் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னார். இத்தனை வருடமும் அவர் என்னைக் காப்பாற்றினார் என்று நினைத்திருந்தேன். அவர் எனக்காகக் காத்திருந்திருக்கிறார். கையில் இருந்த ஆணியை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

“பயந்திட்டன் மிஸ்ஸி,” என்றேன்.

“ஓம்,” என்றார். “நானுந்தான்.”