டீ எண்ணெய் சீசா

கற்பூரத்தோடு பச்சிலையைச் சேர்த்துக் கசக்கியது மாதிரி ஒரு வாசனை, மூக்கில் ஏறியதும் நெற்றிவரை குளிர்ந்துவிடும். இன்றைக்கு சுங்குவார்சத்திரத்தில் எந்த மருந்துக்கடையில் கேட்டாலும் டீ ட்ரீ ஆயில் கிடைக்கிறது. ஷாம்பூவில் இருக்கிறது, சோப்பில் இருக்கிறது, என்னோடு கம்பெனி லைனில் வேலை செய்யும் பெண்கள் பருவுக்கும் பொடுகுக்கும் அதைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறார்கள். யாராவது மூடியைத் திறந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ஒவ்வாமை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய்.

எனக்கு அப்போது பத்து வயது. மண்ணூரில் எங்கள் கழனி கைமாறிப் போய், அப்பா ஒரகடத்துப் பக்கம் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் ‘ஓட்டி’ என்கிற கூடுதல் நேர வேலையும் பார்த்துவிட்டுப் பொழுது சாயும்போதுதான் திரும்புவார். அத்தனை நேரமும் கால் இரண்டும் இரும்பு முனை வைத்த பூட்ஸுக்குள் வேர்வையில் ஊறிக் கிடக்கும். கழற்றிப் பார்த்தால் விரலிடுக்கெல்லாம் வெளுத்து, தோல் உரிந்து, வெடித்திருக்கும். அதற்கு எங்கள் ஊரில் இருந்த ஒரே பெயர் ‘சேத்துப்புண்’. புண்ணைவிட அந்தப் பெயர்தான் அப்பாவை அதிகம் குத்தியது.

“முழங்கால் சேத்துல நின்னுகினு நாத்து நட்டப்ப வரல. இப்ப வழவழன்னு கீற தரையில நிக்கிறேன், சேத்துப்புண்ணாம்!” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எங்களுக்குப் பிடிக்காது.

அவரோடு வேலை பார்த்த தூத்துக்குடிக்காரர் ஒருவர், நாங்கள் ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுவோம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு அப்படியே எங்கள் வீட்டுக்கு வந்து, விரல் நீளத்தில் ஒரு பழுப்புச் சீசாவை வைத்தார். “டீ எண்ணெயா? டீயில ஊத்திக் குடிக்கிறதா?” என்று அம்மா கேட்டாள். அண்ணாச்சி பதறிப்போனார். “ஏய் தாயி, வாயில கீயில பட்டுராம! இது நம்ம டீச்செடி இல்ல, ஆஸ்திரேலியாவுல உள்ள ஒரு மரம். ஒரு கரண்டி தேங்காண்ணெயில நாலே சொட்டு. அப்படியே ஊத்துனீயன்னா தோலு வெந்துரும். முதல்ல முழங்கையில தடவிப் பாத்துட்டுப் போடுங்க. பிள்ளைய கையிக்கு எட்டாம வையிங்க.” எல்லாம் சொன்னார். நாயைப் பற்றி மட்டும் சொல்லவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

நாயின் பெயர் பூரி. பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் எச்சில் பூரி தின்று வளர்ந்த குட்டியை அப்பா சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்திருந்தார். முயலைவிடக் கொஞ்சம் பெரிய உருவம், குரல் மட்டும் பெரிய நாயுடையது. தினமும் சாயங்காலம் பஸ் வரும் நேரம் அதற்கு எப்படித்தான் தெரியுமோ, முன்னாலேயே போய் நின்றுகொண்டு அப்பாவோடு வீட்டுக்கு வரும்.

மூன்று வாரத்தில் அப்பாவின் கால் ஆறத் தொடங்கியது. அதே சமயம் பூரியின் காதிலும் கழுத்திலும் உண்ணி வைத்தது. பிடுங்கப் பிடுங்க மறுநாள் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். அப்பாவின் காலையே ஆற்றிய மருந்துக்கு உண்ணி எம்மாத்திரம் என்று நினைத்தேன். கலக்கினால் வீரியம் குறைந்துவிடும் என்றும் எனக்கு நானே முடிவு கட்டினேன். அப்பா ஓட்டிக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டூல் போட்டு ஏறிச் சீசாவை எடுத்து, காது, கழுத்து, முதுகு என்று அரைச் சீசாவுக்கு மேல் ஊற்றித் தேய்த்தேன். பூரி நெளிந்தது, நக்கியது. நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை என்று கொஞ்சிக்கொண்டே தேய்த்தேன்.

மத்தியானத்துக்குள் அதன் பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன. வாயில் எச்சில் ஒழுகியது, உடம்பு நடுங்கியது. அம்மா மாட்டாஸ்பத்திரி டாக்டரின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினாள். வீடே மூன்று வாரமாக அந்த வாசனையில் கிடந்ததால் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து என்னைக் கேட்டாள்: “எதுனா மருந்து கிருந்து போட்டியாடி? போட்டிருந்தா உடனே சோப்புப் போட்டுக் கழுவி எடுத்தாரச் சொல்றாரு.”

“இல்லம்மா” என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை நான் மாற்றிச் சொல்லியிருந்தால் பூரி பிழைத்திருக்குமா என்று இன்றுவரை யாரிடமும் கேட்டதில்லை. பிழைத்திருக்கும் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். அம்மா ஈரத்துணியால் அதன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் உள்ளே போய், சீசாவில் முன்பிருந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். நாலரை மணிக்குப் பூரி செத்துப்போனது.

பஸ்ஸடியில் பூரியைக் காணாததால் அப்பா வேகமாக நடந்து வந்தார். மண்டிபோட்டு அதைத் தூக்கி, கழுத்து மயிரில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல், “பூச்சி கடிச்சிருக்கும். புதருக்குள்ள போச்சு போல” என்றார். பாம்பைப் பூச்சி என்றுதான் சொல்வோம். வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தோம். எனக்கு அழுகையை நிறுத்தவே முடியவில்லை. அம்மா என்னைத் தேற்றத் தேற்ற இன்னும் அதிகமாக அழுதேன்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் அப்பா வழக்கம்போல் கரண்டியில் தேங்காயெண்ணெய் எடுத்து, சீசாவைச் சாய்த்து நாலு சொட்டு விடுவார். நான் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கவனிப்பேன். சொட்டுகள் எண்ணெயோடு சேராமல் மணிமணியாக அடியில் போய் உட்காரும். அவர் விரலால் கலக்கி, விரலிடுக்கில் தேய்ப்பார். புண் திரும்ப வந்தது. காய்ச்சல் வந்து பத்து நாள் வேலைக்குப் போகாமல் கிடந்தார், கட்டைவிரல் நகம் கழன்று விழுந்தது. அண்ணாச்சி வேறு சீசா தருகிறேன் என்றபோதும், “இதுலயே கீதுப்பா இன்னும்” என்று சொல்லிவிட்டார். அவர் ஏமாந்துவிட்டார் என்று நினைத்து நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன், அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அண்ணாச்சி எப்போதோ ஊரோடு போய்விட்டார். பூரியைப் புதைத்த இடத்தின் மேல் ஒரு குடோனின் மதில் நிற்கிறது. அப்பா வேலையை விட்டு வீட்டில் இருக்கிறார். சர்க்கரை வந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது, அந்த விரலில் நகம் முளைக்கவே இல்லை. கண்ட எண்ணெயையும் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால், அவர் கொடுத்த களிம்பை ஷிப்ட் முடிந்து வந்து நான்தான் தடவிவிடுகிறேன். போன வாரம் அப்படித் தடவும்போது, எப்படி வந்ததோ, சொல்லிவிட்டேன். “அப்பா, பூரியப் பூச்சி கடிக்கல.”

“தெரியும்மா. அன்னிக்கே தெரியும்.”

“சீசாவுல தண்ணி ஊத்தி வச்சது?”

“எண்ணெய்னா புண்ணுல எரியும். தண்ணி எரியுமா?”

“அப்புறம் எதுக்குப்பா தெனமும் அதையே தடவிக்கினு இருந்த?”

அவர் காலை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

“நீ பாத்துகினு இருந்தியே.”