ஆறு வாசல் மண்டபத்துக்குக் கூரை போட்ட நாள்

சண்டை தீர்ப்பதற்கென்றே எங்கள் பக்கத்தில் ஒரு மண்டபம் எழும்பியது, 1957-ல். மேலக்காட்டுக்கும் கீழக்காட்டுக்கும் வாய்க்கால் தண்ணீரால் வந்த பகை நாலு வருடமாக ஓயவில்லை. இரண்டு ஊரும் உட்கார்ந்து பேசட்டும் என்று பாலக்காட்டு எஞ்சினீயர் சிவராமகிருஷ்ணன் நடுவில் வட்டமாக ஒரு கட்டடம் போட்டார். முகடு இல்லை, ஓடு இல்லை, தட்டையான கான்கிரீட் கூரை. யார் முதலில் நுழைவது என்பதற்கும் அடித்துக்கொள்வோம் என்று ஆறு வாசல் வைத்தார். மனிதர் எங்களை நன்றாகவே எடைபோட்டிருந்தார்.

அங்கே சித்தாள் வேலை பார்த்தவள் மேலக்காட்டு ராமாத்தாள். முன்பெல்லாம் அவளோடு சித்தாள் வேலைக்கு வந்து பழகிய தங்கை பழனாத்தாளைக் கீழக்காட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. பகை வந்த நாளிலிருந்து தங்கை அவளோடு பேசுவதில்லை. ஊர்ச் சமாதானம் எப்படியோ போகட்டும், தங்கை ஒரு வார்த்தை பேசினால் போதும் என்றிருந்தாள் ராமாத்தாள்.

கூரை போடும் அன்று வாளையாற்றிலிருந்து வரவேண்டிய ஆட்கள் லாரி பழுதாகி வழியில் நின்றுவிட்டார்கள். பாதிக் கூரை போட்டாயிற்று. இருந்தவர்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது.

"நடுவிலே நிறுத்தப்படாது. நிறுத்தினா அப்புறம் போடற கலவை பழசோட ஒட்டாது, மழைக்கு ஒழுகும்" என்று எஞ்சினீயர் தவித்தார்.

ராமாத்தாள் விறுவிறுவென்று கீழக்காட்டுக்கு நடந்தாள். பழனாத்தாள் எருமைக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தாள். பேச்சு இல்லாதவர்கள் மாட்டைப் பார்த்துச் சொல்வதுதானே எங்கள் வழக்கம்?

"ஏ எருமை, அங்க கூரை பாதியில நிக்குது. கீழக்காட்டாளுங்க வந்தாத்தான் முடியும். உங்கூட்டுக்காரிகிட்டச் சொல்லு."

பழனாத்தாளும் எருமையைத்தான் பார்த்தாள். "வேலைன்னா மட்டும் எங்கூரு கண்ணுக்குத் தெரியுதான்னு அவளக் கேளு."

ராமாத்தாள் மனம் விட்டுப்போய்த் திரும்பினாள். அரை மணி கழித்து வரப்பில் முப்பது பேர் வந்தார்கள். முன்னால் பழனாத்தாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு. பின்னால் அவள் புருஷன் ஆறுச்சாமி, வாய்க்கால் தகராறில் மண்வெட்டியை ஓங்கிய அதே ஆள்.

கலவைக் குவியலிலிருந்து கூரை வரைக்கும் சட்டியைக் கைமாற்றிவிட ஒரே வரிசை. கிடைத்த இடத்தில் இரண்டு ஊரும் கலந்து நின்றன. யார் கையிலிருந்து வாங்குகிறோம் என்று யோசிக்க நேரமில்லை. யோசித்தால் சட்டி காலில் விழும்.

பழனாத்தாளுக்குக் கிடைத்த இடம் அக்காவுக்குப் பக்கத்தில். ராமாத்தாள் தங்கையையே பார்த்ததில் சட்டி சாய்ந்து கலவை சிந்தியது.

"அக்கா, சட்டிய நேராப் புடி! நாலு வருசத்துல இதுகூடவா மறந்துபோச்சு?"

ராமாத்தாளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

"திட்டு கண்ணு, இன்னும் நல்லாத் திட்டு" என்று சிரித்துக்கொண்டே அடுத்த சட்டியை நீட்டினாள்.