பத்தாவது போல்ட்

நூருல் அமீன் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்து நகப்பூச்சு தடவுகிறார். நகத்துக்கு அல்ல, போல்ட்டுக்கு. ஒவ்வொன்றையும் இறுக்கி முடித்ததும் அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை சிவப்பாக ஒரு கோடு இழுப்பார். போல்ட் இம்மி சுழன்றாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மற்றவர்கள் இதற்குப் பெயிண்ட் வைத்துக்கொள்வார்கள். அமீனுக்கு, பாகூர் கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர் நடத்தும் மனைவி ஃபர்ஹானா எடுத்துத் தரும் சீசாதான். "நான் போட்டா கழுவற தண்ணி நகத்துல படாது, ஒளு கூடாது, தொழ முடியாது. அதான் எனக்குப் பதிலா ஜீப்புங்க போட்டுக்குதுங்க" என்பாள் அவள்.

வயது ஐம்பத்திரண்டு. ஒல்லி. சர்க்கரை உண்டு, மாத்திரையை நேரம் தவறாமல் போடுவார். காலையில் வலது கை லேசாக நடுங்கும். ஸ்பேனரைப் பிடித்ததும் நடுக்கம் நின்றுவிடும்.

ஏரிக்கரையோரத்து அவர் பட்டறைக்குப் பழைய ஜீப்புகள்தான் வரும். பின்சக்கரங்களைக் கோக்கும் ஆக்ஸிலையும் அதைத் தாங்கும், பட்டைகளை அடுக்கிய பிளேட் கட்டையும் கழற்றிவிட்டு, சுருளான காயில் ஸ்பிரிங்கோடு வேறு ஆக்ஸில் ஏற்றுவது அவர் தொழில். மேடு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போடாது. ஆனால் அதில் ஒரு வில்லங்கம் உண்டு. பிளேட் கட்டு பாரத்தையும் தாங்கும், ஆக்ஸிலையும் நகராமல் பிடித்துக்கொள்ளும். காயில் தாங்கும், பிடிக்காது. பிடிப்பதற்கென்று நீளவாக்கில் நாலு ராடு, குறுக்கே ஒன்று. ராடுக்கு இரண்டு முனை, முனைக்கு ஒரு போல்ட். ஆக மொத்தம் பத்து. பத்துக்கும் கோடு போட்ட பிறகு, தன் இடது கைச் சுண்டுவிரல் நகத்தில் ஒரு சொட்டு வைத்துக்கொள்வார். "ஓட்டுப் போட்டாச்சுப்பா, எட்துனு போ" என்பார். நகம் சிவக்காமல் வண்டி பட்டறையை விட்டு வெளியே போகாது. தொழப் போகும்முன் தின்னர் துணியால் அதைத் துடைத்துவிடுவார்.

இன்னொரு விதியும் உண்டு. அவர் அடியில் இருக்கும்போது வண்டிக்குள் ஆள் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் அந்த நொடியே வெளியே வந்துவிடுவார். "மேல ஒரு உசுரு, கீழ ஒரு உசுரு, நடுவுல இரும்பு. எனக்கு வேணாம்பா."

பயம் அவருக்குக் கூடவே பிறந்ததல்ல. எட்டு வருடத்துக்கு முன்னால், அவர் மாட்டிய ராடு ஒன்று கழன்று, அபிஷேகப்பாக்கம் மணவாளனின் ஜீப் வாய்க்காலில் கவிழ்ந்தது. தொடை எலும்பு இரண்டாகப் போய், உள்ளே தகடும் திருகும் வைத்து, மனிதர் நாலு மாதம் படுக்கையில் கிடந்தார். அமீன் தினமும் போய் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தார், உட்காரவைத்தார், நடக்கவைத்தார். இப்போது மணவாளன் டீக்கடை பெஞ்சில் இடது காலை நீட்டியபடியே உட்காருவார். அமீனைக் கண்டால் விடமாட்டார். "வாய்யா! டாக்டரு முடுக்கினது இன்னும் கழலல. நீயும் அவராண்ட போயி ரெண்டு நாளு தொழில் கத்துக்கினு வா." கடையே சிரிக்கும். அமீனும் சிரிப்பார். டீ மட்டும் பாதி டம்ளரில் நின்றுவிடும்.

போன மாதம் வில்லியனூர் ஹார்டுவேர் கடை ராஜேஷ்குமாரின் ஜீப் வந்தது. அவன் அம்மா கமலவேணிக்கு முதுகுத்தண்டில் இரும்பு வைத்து ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். உடம்பு குலுங்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அந்த அம்மாளுக்கோ குருவிநத்தம் ஆற்றோரத்துத் தன் கரும்பைப் பார்த்தே தீரவேண்டும். அந்தத் தடத்தில் ஜீப்பைத் தவிர வேறு எதுவும் இறங்காது. அதனால்தான் காயில்.

எல்லாவற்றையும் மாட்டி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, அமீன் கடைசி இறுக்கு இறுக்கிக்கொண்டிருந்தார். ஒன்பது முடிந்தது. அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "பாய், அம்மா வந்துட்டாங்க. வெயில்ல நிக்க முடியல, ஏத்திடறேன்!" என்று ராஜேஷ்குமார் கத்தினான்.

அமீன் சட்டென்று வெளியே வந்தார். ராஜேஷ்குமார் அம்மாவை அக்குளில் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தான். "ஐயோ, அப்பிடி இழுக்காதப்பா, முதுகு முறுக்கிக்கும்!" முக்காலியைப் போட்டு, முதலில் இடுப்பை சீட்டில் உட்காரவைத்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்துத் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்தார். "பெத்த புள்ளைக்குத் தெரியல, உனக்குத் தெரியுதே" என்றார் கமலவேணி. அமீனுக்கு முகம் மலர்ந்துபோயிற்று. வண்டி கிளம்பியது. கை காட்டினார்.

பிற்பகல் அசர் தொழுகைக்கு நேரமாயிற்று. குழாயடியில் தின்னர் துணியை எடுத்துச் சுண்டுவிரலில் வைத்தார். நகம் வெள்ளையாக இருந்தது.

இடது பக்கம், கீழ் ராடு, பின்முனை. கையால் திருகிவிட்ட நட்டோடு பத்தாவது போல்ட் அப்படியே நிற்கிறது.

ஆறு தரம் போன் அடித்தார். மணி போயிற்று, எடுப்பாரில்லை. ஸ்பேனரையும் சீசாவையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்து, குருவிநத்தம் ரோட்டில் விரட்டினார். கண் ரோட்டில் நட்டைத் தேடியது. பளபளத்ததெல்லாம் நட்டாகத் தெரிந்தது. ஒரு திருப்பத்தில் கூட்டம். உள்ளங்கை வேர்த்து ஆக்ஸிலேட்டர் வழுக்கியது. மீன் விற்கும் ரோசம்மாளின் கூடையைச் சுற்றி நின்றவர்கள் அவர்கள்.

ஆற்றுச் சரிவுக்கு இருபது அடி முன்னால் ஜீப் நின்றுகொண்டிருந்தது.

"வா பாய், நீயே சொல்லு" என்றான் ராஜேஷ்குமார். "டொக்கு டொக்குன்னு சத்தம் வருதாம். புது ஸ்பிரிங்கு அப்பிடித்தான் இருக்கும்னா கேக்க மாட்டேங்கறாங்க."

"முதுகுல இரும்பு வச்சிருக்கறவ நானு. எனக்குத் தெரியாதா?" என்றார் கமலவேணி. "இறங்கணுமாப்பா?"

"வேணாம்மா. அசையாம உக்காருங்க."

எட்டு வருடத்து விதியை மீறி, மேலே உயிர் இருக்க அமீன் அடியில் போனார். நட்டு இரண்டு சுற்று மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. முடுக்கினார். திரும்பவும் முடுக்கினார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கோடு போட்டார். கோடு நெளிந்து விழுந்தது.

"இன்னா பாய் ஆச்சு?"

"நட்டு கழண்டு நிக்குது. நான்தான் முடுக்காம உட்டுட்டேன். என் தப்பு."

ராஜேஷ்குமார் சரிவைப் பார்த்தான்.

"இப்ப முடுக்கிட்ட இல்ல?" என்றார் கமலவேணி.

"முடுக்கிட்டேன்மா."

"அப்ப எடுறா வண்டிய. கரும்பப் பாக்கணும்."

அமீன் சீசாவைத் திறந்து, தூரிகையைச் சுண்டுவிரல்வரை கொண்டுபோனார். நகத்தைத் தொடாமல் திரும்ப மூடிப் பையில் போட்டார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, இடது பின்சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், ஜீப்பின் பின்னாலேயே சரிவில் இறங்கினார்.