பொருளடக்கத்தில் வைத்த புள்ளிகள்

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் குவைத்தின் ஃபர்வானியாவில் சொந்த அச்சுக்கடை நடத்தியவன். கணினியில் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கரைப் பார்த்துப் பார்த்தே கற்றேன். அங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் விழா மலரில், பொருளடக்கத்தின் பக்க எண்கள் கோணலாக நின்றன. தலைப்புக்கும் எண்ணுக்கும் இடையே வரும் புள்ளிகளையும் எண்களையும் கையாலேயே அடித்து, நூல் பிடித்தாற்போல் நிறுத்தினேன். கடைசி நேரத்தில், விளம்பரம் தந்த அரபி முதலாளியின் வாழ்த்தை முன்னால் சேர்க்கச் சொன்னார்கள் சங்கத்தார். சேர்த்தேன். பக்கங்கள் நகர்ந்தன, நான் அடித்த எண்கள் நகரவில்லை.

விழா வாசலில் வந்தவர்க்கெல்லாம், "எல்லாம் நம்ம கைவேலை" என்று காட்டினேன்.

மேடையில் சங்கத் தலைவர், "பதினாறாம் பக்கம், நம்ம நர்ஸம்மா கவிதை" என்று புரட்டினார். அங்கே பிரியாணிக் கடை விளம்பரம் இருந்தது.

"கவிதை மணக்குதே. யாருப்பா அடிச்சது?" என்றார்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மைக் முன் நின்ற நர்ஸம்மா தன் கவிதையைத் தேடிப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.