டேப்பு கட்டிய பிரசவப் பை

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைக் கட்டி, ஏற்றி, இறக்கித் தருகிற கம்பெனியில் அவருக்கு டேப்பு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பிழைத்திருந்தது. இடது மணிக்கட்டில் பிரவுன் டேப் சுருள் ஒன்று எந்நேரமும் வளையல் மாதிரி தொங்கும். அதைக் கழற்றாமலேயே சாப்பிடுவார், கழற்றாமலேயே லாரியில் சாய்ந்து தூங்குவார். யார் வீட்டுக் கண்ணாடி அலமாரியாக இருந்தாலும் படிக்கட்டு வளைவில் நெளித்து நிமிர்த்தி, ஒரு கீறல் விழாமல் இறக்கிவிடுவார். வாய்தான் போதாது. நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச வேண்டி வந்தால் தொண்டையைச் செருமிக்கொண்டு டேப்பின் நுனியை நகத்தால் தேட ஆரம்பித்துவிடுவார்.

ஊர்ப்பட்ட வீடுகளின் சாமான்களைக் கட்டிய அந்த மனிதர், மகளின் ஆஸ்பத்திரிப் பையை எதிரே வைத்துக்கொண்டு கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருந்தார்.

மகள் நிறைமாதம். மருமகனுக்குக் கப்பலில் வேலை. குழந்தை தவழ ஆரம்பித்த பிறகுதான் கரைக்கு வருவான். அவன் அம்மா இடுப்பெலும்பு முறிந்து, எழுந்து நிற்கவே இரண்டு பேர் வேண்டிய நிலையில் கிடந்தாள். அதனால் மகள் அப்பாவின் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த இடத்தில் அம்மா இல்லை. டேப்பின் மனைவி போய் நான்கு வருஷம் ஆகிவிட்டது.

முந்தைய வாரம் பரிசோதனைக்குப் போனபோது நர்ஸ் சொல்லிவிட்டாள்.

"பிரசவ அறைக்குள்ள கூட இருக்க ஒரே ஒரு ஆளைத்தான் விடுவோம். அதுவும் பொம்பளையா இருக்கணும். மத்தவங்களும் வலியில படுத்திருப்பாங்க இல்லையா? யாரு வர்றாங்க?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்தார்.

"நான் தனியாவே இருந்துக்குவேன்," என்றாள் மகள். நர்ஸ் நம்பவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். ராத்திரி விளக்கணைத்த பிறகு மூக்குறிஞ்சும் சத்தம் அவருக்குக் கேட்டது. ஜலதோஷமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை.

உள்ளே போய் நிற்க ஒருத்தி இருந்தாள், ஒரு பஸ் தூரத்தில். அவருடைய அக்கா. நான்கு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத அக்கா.

மனைவிக்கு நெஞ்சு வலித்த அன்று டேப்பு வெளியூர் லோடில் இருந்தார். போன் லாரியின் முன்பக்கம் கிடந்தது, அவர் பின்பக்கம் யாரோ ஒருவரின் சோபாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில், பத்துப் பேர் நடுவே, அக்கா வாயை விட்டாள்.

"நீ வீட்டுல இருந்திருந்தா அவ பொழைச்சிருப்பாடா."

"இனிமே என் வாசப்படியை மிதிக்காதே," என்றார் அவர். ஜென்மத்தில் அதுவரை யாரையும் அவர் அப்படிப் பேசியதில்லை. அக்காவும் ரோஷக்காரி. மிதிக்கவில்லை.

ஆகவே அவர் தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தார். பையைக் கட்டினார். கனமானது அடியில், லேசானது மேலே, ஒரு விரல் நுழையவும் இடைவெளி கூடாது என்பது தொழில் நியாயம். ஆஸ்பத்திரி ஃபைல் தட்டையாக இருந்ததால் எல்லாவற்றுக்கும் அடியில் போனது. அதன்மேல் டார்ச், பிளக் பெட்டி, செருப்பு, மகளின் நைட்டிகள், காற்றுக் குமிழ் ஷீட்டில் சுற்றி டேப் ஒட்டிய ஃபிளாஸ்க். இண்டு இடுக்கில் எல்லாம் துண்டுகளை உருட்டித் திணித்தார். ஒரு சுருள் கயிறும் வைத்தார். பையைத் தூக்கி உலுக்கிப் பார்த்தார். சத்தமே வரவில்லை. மனதுக்குள் மட்டும் ஏதோ லொடலொடவென்று ஆடிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"எங்கப்பா?" என்றாள் மகள்.

"சரியாக் கட்டியிருக்கான்னு ஒருத்தர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன்."

யாரிடம் என்று அவள் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய பையைக் கண்காட்சி மாதிரி ஊரெல்லாம் தூக்கிக்கொண்டு போவானேன் என்றும் கேட்கவில்லை. அவள் கெட்டிக்காரி.

அக்காவுக்கு ஒரு ஹோட்டல் சலவைப் பிரிவில் வேலை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை மடிப்பாள். கதவைத் திறந்தவள் தம்பியையும் பையையும் பார்த்து வெளிறிப் போனாள்.

"யாருக்கு என்னடா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்லை." தொண்டையைச் செருமினார். "பை. சரியா இருக்கான்னு பாரு."

நான்கு வருஷத்துக்குப் பிறகு வாசலில் வந்து நிற்கிற தம்பி பேசுகிற பேச்சா இது? அக்கா வழிவிட்டாள். பையைக் கட்டில்மேல் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"இது என்ன கயிறு?"

"இருக்கட்டும்னு."

"இருக்கட்டும்னா? பிரசவத்துக்குப் போறாளா, கிணத்துல இறங்கப் போறாளா?"

டார்ச் வந்தது, பிளக் பெட்டி வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு விழுந்தது. ஃபிளாஸ்க்கில் சுற்றியிருந்த டேப்பை உரிக்க அவளுக்குக் கத்தரிக்கோல் வேண்டியிருந்தது. "வலியில துடிக்கிற பொண்ணு ஒரு வாய் வெந்நீர் கேட்டா, இதைப் பிரிச்சு முடிக்கறதுக்குள்ள பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும்டா." கடைசியாக ஃபைல் வந்தபோது தலையில் அடித்துக்கொண்டாள். "உள்ளே நுழைஞ்சதும் முதல்ல கேக்கறதே இதைத்தான்!"

டேப்பு தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திட்டு வாங்க இவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

துண்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் உருண்டு வந்தது. குழந்தைக்கான பருத்திச் சட்டைகள். அதைக் கட்டக் கம்பெனி டேப்பைப் பயன்படுத்தியிருந்தார். சிவப்பு எழுத்தில் சுற்றிச் சுற்றி அச்சடித்திருந்தது: உடையும் பொருள், கவனம். உடையும் பொருள், கவனம்.

அக்கா அதைப் படித்தாள். முதலில் தோள் குலுங்கியது. பிறகு கட்டிலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியபோது அக்காவின் கண்ணில் மட்டும் தண்ணீர் அடங்கவில்லை.

பையை அவள் திரும்ப அடுக்கினாள். ஃபைல் பையின் வெளிப் பாக்கெட்டுக்குப் போனது. முன்பக்கம் திறக்கிற நைட்டி மேலே, குழந்தையைத் துடைத்துச் சுற்றுகிற துணி அதற்கும் மேலே. ஹோட்டல் கை அல்லவா, மடிப்பெல்லாம் ஒரே அளவாக விழுந்தது. குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்.

"உள்ளே அவகூட யாரு இருக்கப் போறது?"

டேப்பின் நகம் சுருளின் நுனியைத் தேடியது.

"டேப்பை விடு. வாயால சொல்லு."

"தனியாவே இருந்துக்குவேன்னு சொல்றா."

"அவ என்ன சொல்றான்னு நான் கேக்கலை."

அவர் சுருளை மணிக்கட்டிலிருந்து கழற்றிக் கட்டில்மேல் வைத்தார்.

"நீ வாக்கா," என்றார். "அன்னைக்கு நீ சொன்னது... அது நானே எனக்குத் தினமும் சொல்லிக்கறதுதான். அதையே உன் வாயால கேட்டதும் தாங்கலைக்கா."

அக்கா கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள்.

"எனக்கு யார் மேலயாவது எரிஞ்சு விழணும்போல இருந்துச்சுடா. நீ கையில கிடைச்சே. போனவ எனக்கு மட்டும் யாரோவா? நாத்தனார்னு ஒரு நாள் என்னைப் பிரிச்சுப் பார்த்திருப்பாளா?" மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "உன் பொண்ணு மாசாமாசம் எனக்கு போன் பண்றா, நீ குளிக்கப் போற நேரமாப் பார்த்து. தேதி எல்லாம் தெரியும். ஆனா வாங்கன்னு மட்டும் கூப்பிடலை. அப்பா கூப்பிடாம நான் எப்படிக் கூப்பிடறது அத்தைன்னு அழுதா."

அலமாரியைத் திறந்து ஒரு மூட்டையை எடுத்து வந்தாள். மாற்றுத் துணி, முழங்கால் வலித் தைலம், கண்ணாடிக்கூடு. ஏற்கெனவே மடித்து, ஏற்கெனவே முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

"இது எப்ப கட்டினது?" என்றார் அவர்.

"போன மாசம். உன் வாசப்படியைத்தானே மிதிக்காதேன்னே? ஆஸ்பத்திரி வாசப்படி உன்னோடது இல்லையே. வலி எடுத்துட்டுதுன்னு தெரிஞ்சா நேரா அங்கே வந்து நின்னுக்கலாம்னு இருந்தேன்."

டேப்பு அழுதார். நான்கு வருஷத்துக்கும் சேர்த்து, சத்தம் போட்டே அழுதார். அக்கா பார்க்காத மாதிரி மூட்டையைப் பைக்குள் அமுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது ஜிப் மூட மாட்டேன் என்று அடம் பிடித்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அழுத்திப் பார்த்தார்கள், பல்லை இளித்துக்கொண்டே நின்றது. அக்கா கட்டிலுக்கடியில் தான் வீசியிருந்த கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"கட்டு. பெருமைப்பட்டுக்காதே, கட்டு."

அவர் கட்டினார். ஒரு இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகவே போட்டார்.

வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. டேப்பு பையோடு உள்ளே போய்விட்டார். அக்கா படிக்கு வெளியே நின்றுவிட்டாள். அவர் திரும்பிப் பார்த்தார். கேலிக்கு நிற்கிறாளா, நிஜமாகவே கால் வரவில்லையா என்று தெரியவில்லை.

அறைக்குள்ளிருந்து மகள் குரல் கொடுத்தாள். "வந்துட்டீங்களாப்பா? பையைக் காட்டினீங்களா? அவங்க என்ன சொன்னாங்க?"

டேப்பு வாசலுக்குத் திரும்பினார். அக்காவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"கயிறு எதுக்குடான்னு கேட்டேன்டி!" என்றாள் அக்கா, வீட்டுக்குள் நின்றுகொண்டு.

அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது, செருப்பில்லாத கால்கள் தடதடவென்று ஓடி வந்தன.

"மெதுவா! மெதுவா!" என்று அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.